நிமிர்ந்து நின்ற மணி

ஜனவரி எட்டாம் தேதி காலை மணிக்கோபுரத்தைத் திறந்து, இருநூற்றுப் பதினோரு படிகளையும் ஏறி மேலே போனபோது, எங்கள் நான்கு மணிகளில் ஒன்றான அகதா வாயை வானத்துக்குக் காட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றது. யார் அதை நிறுத்தினார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

கேட்பதற்கு இது சின்ன விஷயம். ஆனால் எங்கள் ஊரில் மணி எப்படி அடிக்கப்படுகிறது என்று தெரிந்தால் இது சின்ன விஷயமாகத் தோன்றாது.

நாங்கள் கீழே நின்று கயிறு இழுப்பதில்லை. நான்கு பேர் மேலே ஏறி, மரச்சட்டத்தின் மேல் ஆளுக்கொரு மணியின் பக்கத்தில் நின்று, கையாலும் தோளாலும் அடிக்கிறோம். ஒவ்வொரு மணிக்கும் உச்சியில் ஒரு பெரிய மரக்கட்டை பூட்டியிருக்கும். அந்தக் கட்டையைத் தள்ளினால் மணி ஆடும். ஊஞ்சலில் இருக்கும் குழந்தையைத் தள்ளுவது போலத்தான். ஒவ்வொரு முறையும் சரியான நேரத்தில் ஒரு சின்னத் தள்ளு. ஆட்டம் கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்து, நாற்பது தள்ளில் மணி தலைகீழாகிவிடும். வாய் மேலே, கட்டை கீழே. அந்த நிலையில் மணி ஒரு ஓக் மர முளையில் லேசாகச் சாய்ந்து நிற்கும். இப்படி நிறுத்தும்போது சத்தம் வரக் கூடாது என்பதற்காக, முன்னதாகவே மணியின் நாக்கைத் தோல்வாரால் கட்டிவைப்போம்.

அகதாவின் எடை அறுநூறு கிலோ. காற்று அதை நிறுத்தாது. புறா நிறுத்தாது. எங்கள் முறை தெரிந்த ஒரு மனிதன், வியர்க்க வியர்க்க, நாற்பது முறை தள்ளினால்தான் அது நிற்கும்.

நாக்கில் தோல்வார் கட்டப்பட்டிருந்தது.

நின்ற மணியை அப்படியே விட்டுவிட்டுப் பார்வையாளர்களை மேலே விட முடியாது. யாராவது விளையாட்டாக ஒரு விரலால் தொட்டாலும் போதும், அறுநூறு கிலோவும் சுழன்று இறங்கும். இறக்குவதற்கு மூன்று பேராவது வேண்டும். ஒரியானோவுக்கும் ஃபியோரென்சாவுக்கும் போன் செய்தேன்.

ஒரியானோதான் எங்கள் குழுவுக்குத் தலைவர். எழுபத்திரண்டு வயது, டிராக்டர் மெக்கானிக்காக இருந்தவர், பெரிய மணி அவருடையது. ஃபியோரென்சா சதுக்கத்தில் அடுமனை வைத்திருக்கிறாள். சின்ன மணி அவளுடையது. இருவரும் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்கள்.

"யாருடா நிறுத்தினது?" என்றார் ஒரியானோ.

"நான் இல்ல."

"அப்ப அகதா தானா எந்திரிச்சு நின்னாளா? காலங்காத்தால தேகப்பயிற்சியா?"

"எழுநூறு வருஷத்துக் கோபுரத்துல அவளே எந்திரிச்சு நிக்கிறா," என்றாள் ஃபியோரென்சா. "எழுபத்திரண்டு வயசுல உனக்குப் படியேற மூணு தடவை உக்கார வேண்டியிருக்கு. கொஞ்சம் வெக்கப்படு."

மூவரும் சேர்ந்து அகதாவை இறக்கினோம். வழக்கத்தைவிட அதிக நேரம் பிடித்தது. கடைசியில் ஒரியானோ தோளைத் தேய்த்துக்கொண்டு, "எதிர்ப்பக்கம் யாரோ பிடிச்சுக்கிட்ட மாதிரி இருக்கு. அச்சுக்கு எண்ணெய் போடு லோரிஸ்," என்றார்.

அச்சில் எண்ணெய் போதுமான அளவு இருந்தது. நான் பார்த்தேன்.

அகதா என் அண்ணன் அமோஸின் மணி. இருபத்தாறு ஆண்டுகள் அதன் பக்கத்தில் நின்றவன் அவன். நவம்பர் மாதம் ஒரு நாள் மதியம், சோபாவில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றக் குனிந்தவன் நிமிரவில்லை. இதயம் நின்றுவிட்டது. அன்றிலிருந்து எனக்குள் எதுவும் பெரிதாக அசைவதில்லை. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், பார்வையாளர்களுக்குக் கோபுரத்தை விளக்குகிறேன். பல் பிடுங்குவதற்கு முன் ஊசி போட்ட கன்னத்தைத் தொட்டால் வேறு யாருடைய கன்னத்தையோ தொடுவது போல இருக்குமே, அப்படித்தான் நாட்கள் போயின.

ஆனால் ஒரு விஷயம் அவசரமாக இருந்தது. பதினேழாம் தேதி அந்தோணியார் திருநாள். ஊரின் மாடும் ஆடும் நாயும் சதுக்கத்துக்கு வந்து ஆசீர்வாதம் பெறும் நாள். அன்று நான்கு மணிகளும் ஒலிக்க வேண்டும். அமோஸின் இடத்தில் அவன் மகள் எல்தா நிற்பதாக முடிவாகியிருந்தது. இருபத்தாறு வயது, மோதெனா நகரத்தில் வேலை, சிறுமியாக இருந்தபோதே அப்பாவிடம் எல்லாம் கற்றவள். அகதாவுக்கும் சுவருக்கும் நடுவே அவள் நிற்கப்போகும் இடம் மூன்று சாண் அகலம்தான். தன்னிஷ்டத்துக்கு எழுந்து நிற்கும் மணி, தன்னிஷ்டத்துக்கு விழவும் செய்யும். விழுந்தால் அதன் விளிம்பு வரும் பாதையில்தான் எல்தாவின் தலை இருக்கும்.

அகதாவை யார் நிறுத்துகிறார்கள் என்று கண்டுபிடிக்க எனக்கு ஒன்பது நாட்கள் இருந்தன.

ஒன்பதாம் தேதி கதவுப் பூட்டை மாற்றினேன். சாவி என் சட்டைப் பையில் மட்டும் இருந்தது. பத்தாம் தேதி காலையில் அகதா நிமிர்ந்து நின்றது.

அன்று இறக்கியபின் கட்டையைச் சட்டத்தோடு சேர்த்துக் கயிற்றால் கட்டினேன். பதினொன்றாம் தேதி காலையில் கயிறு அழகாகச் சுருட்டப்பட்டு ஆணியில் தொங்கியது. அகதா நிமிர்ந்து நின்றது.

ஃபியோரென்சாவிடம் ஒரு கிலோ மாவு வாங்கி வந்து, பலகைத் தரை முழுவதும் தூவினேன். பன்னிரண்டாம் தேதி காலையில் மாவில் ஒரு புறாவின் கால்தடம் மட்டும் இருந்தது. குறுக்கே நடந்து போன புறா, அகதாவின் பக்கம் வந்ததும் பெரிதாக வளைந்து சுற்றிப் போயிருந்தது. அங்கே ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தால் எப்படிச் சுற்றிப் போகுமோ, அப்படி.

அகதா நிமிர்ந்து நின்றது.

பதின்மூன்றாம் தேதி காலை ஆறரைக்கே போய், மணிகளுக்கு நேர் கீழே உள்ள அறையில் உட்கார்ந்தேன். வெளியே மூடுபனி. எங்கள் சமவெளியில் ஜனவரிப் பனி என்றால் ஜன்னலுக்கு வெளியே ஊர் இருப்பதாக நம்பிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். ஈரச் செங்கல் மணம். புறா எச்சத்தின் மணம். தலைக்கு மேலே பலகை. அதற்கு மேலே மணிகள்.

ஏழு மணி வாக்கில் தோல்வார் இழுபடும் சத்தம் கேட்டது.

பிறகு கொக்கியில் அது மாட்டப்படும் சத்தம்.

பிறகு மரம் முனகியது. நிறுத்தம். மறுபடி முனகியது. நிறுத்தம். ஆட்டம் உயர உயர அந்த இடைவெளி நீண்டது. அப்படித்தான் நீள வேண்டும். நான் எண்ணத் தொடங்கினேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

முப்பத்தெட்டு.

முப்பத்தொன்பது.

நாற்பது.

முளை எடையை வாங்கிக்கொண்டது. 'தக்' என்றுகூடச் சத்தம் வரவில்லை. பஞ்சில் வைத்தது போல. முளை சத்தம் போடாமல் மணியை நிறுத்த எங்கள் ஊரில் ஒரே ஒருவனுக்குத்தான் தெரியும்.

அப்போது என் தலைக்கு மேலே ஒரு பலகை மெல்ல வளைந்தது. கொஞ்சம் மாவு, இரண்டு பலகைகளின் இடுக்கு வழியாக என் முழங்காலில் உதிர்ந்தது. கற்பூரத் தைலத்தின் மணம் வந்தது. அமோஸ் வலது தோளுக்குத் தினமும் தடவிக்கொள்ளும் தைலம்.

நான் ஏணியில் ஏறினேன்.

யாரும் இல்லை.

அகதாவின் மரக்கட்டையைத் தொட்டுப் பார்த்தேன். பனியில் எல்லா மரமும் சில்லென்று இருந்தது. ஒரு இடம் மட்டும் சூடாக இருந்தது. உள்ளங்கை அளவு.

எனக்குப் பயம் வரவில்லை. வந்திருக்க வேண்டும் என்று மட்டும் தெரிந்தது.

அன்று மதியம் எல்தா மோதெனாவிலிருந்து வந்தாள். ஃபியோரென்சாவின் கடையில், பொரித்த மாவுத் துண்டுகளும் பன்றித்தொடைக் கறியும் தட்டில் ஆறிக்கொண்டிருக்க, நான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு மாதங்களாக யாரிடமும் சொல்லாத ஒன்றையும் சொன்னேன்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. மணி அடிக்கும் ஒருவர் இறந்துபோனால், அடக்கத்துக்கு முன்பு, அவருடைய இரத்த உறவு ஒருவர் மேலே ஏறி, அவருடைய மணியின் பக்கத்தில் நின்று மூன்று முறை சொல்ல வேண்டும்: 'உன் வேலை முடிந்தது, கையை எடு.' சொன்னவர் இறங்கி வந்து தலைவரிடம் 'சொல்லிவிட்டேன்' என்று தெரிவிக்க வேண்டும். அதன்பிறகுதான் சவப்பெட்டியைத் தூக்குவோம்.

"நான் சொல்லல," என்றேன்.

எல்தா என்னையே பார்த்தாள். "என்ன சித்தப்பா?"

"நாப்பது படி ஏறினேன். உக்காந்தேன். காலு வரல. கொஞ்ச நேரம் கழிச்சு இறங்கிட்டேன்."

"ஒரியானோ மாமாகிட்ட சொல்லிட்டேன்னு சொன்னீங்களே. நான் பக்கத்துலதான நின்னேன்."

"சொன்னேன்."

அவள் தட்டைத் தள்ளி வைத்தாள். அவள் குரல் உயரவில்லை.

"அப்ப அப்பாவுக்குத் தெரியாது."

மறுநாள் இருவரும் ஏறினோம். இருநூற்றுப் பதினோரு படிகளையும் ஏறினேன். அகதாவின் பக்கத்தில் நின்று, "அமோஸ், உன் வேலை முடிஞ்சது, கையை எடு," என்று மூன்று முறை சொன்னேன். எல்தா அழுதாள். நான் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். என் கை அதைச் செய்வதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதினைந்தாம் தேதி காலையில் அகதா நிமிர்ந்து நின்றது.

ஒரியானோவிடம் உண்மையைச் சொல்லத்தான் வேண்டியிருந்தது. அவர் தொப்பியைக் கழற்றித் தரையில் எறிந்தார்.

"அட மடையா! அடக்கத்துக்கு முன்னாடி சொல்ற வார்த்தையை ரெண்டு மாசம் கழிச்சுச் சொன்னா எவன் காதுல ஏறும்? பொணத்தைப் பக்கத்துல வச்சுக்கிட்டு எங்கிட்டப் பொய் சொல்லியிருக்கியே!"

"ஆமா."

"ஆமான்னு சொல்றான் பாரு! மரக்கட்டை மாதிரி நின்னுக்கிட்டு ஆமாங்கிறான்!" அவர் எல்தாவின் பக்கம் திரும்பினார். "பதினேழாம் தேதி மூணு மணி போதும்மா. நீ கீழ நில்லு."

"மூணு மணி அடிச்சா அது எந்த ஊர் திருநாள் மாமா?" என்றாள் எல்தா. "அது எங்கப்பா நின்ன இடம். பயந்துக்கிட்டு விட்டுட்டு வான்னு நீங்க சொல்றீங்களா? சாயங்காலம் ஒத்திகை. நான் நிக்கிறேன்."

நின்ற மணியை அடிப்பது எப்படி என்று இங்கே சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் அடுத்து நடந்தது புரியாது. தோல்வாரை அவிழ்த்ததும், முளையிலிருந்து மணியை மெல்லத் தள்ளி விழவிடுகிறோம். அது சுழன்று இறங்கி, ஒரு முறை ஒலித்து, மறுபக்கமாக ஏறி, அங்கிருக்கும் இன்னொரு முளையில் சாய்ந்து நிற்கிறது. அடுத்த முறை அதே வழியில் திரும்பி வருகிறது. அச்சின் உராய்வில் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வேகம் குறையும். குறைந்ததை ஈடுகட்டத்தான் ஆளின் தள்ளு. குறைந்த அளவுக்கு மட்டும். அதற்குமேல் ஒரு பிடி கூட வேண்டாம்.

நான்கு பேரும் ஏறினோம். எல்தா அப்பாவின் இடத்தில் நின்றாள். பெரிய மணியை ஒரியானோ விட்டார். இரண்டாவதை நான் விட்டேன்.

எல்தா தள்ளினாள்.

அகதா அவள் தள்ளியதைவிட வேகமாக இறங்கியது. ஒலித்தது. மறுபக்கம் ஏறியது. நிற்கவில்லை.

முளை முறிந்தது.

துப்பாக்கி வெடித்தது போல ஒரு சத்தம். அகதா உச்சியைத் தாண்டி, முழுச் சுற்றாக, பின்பக்கத்திலிருந்து எல்தாவை நோக்கி வந்தது.

அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். மணியின் விளிம்பு அவளுடைய ஜாக்கெட்டின் தோளைக் கிழித்துக்கொண்டு போனது. ஃபியோரென்சா கத்திய கத்தல் மணியோசைக்கு மேலே கேட்டது. அகதா இன்னும் இரண்டு முறை சுற்றி, தள்ளாடி, அடங்கித் தொங்கியது.

எல்தாவின் தோளில் தோல் உரிந்திருந்தது. வேறொன்றும் இல்லை. ஃபியோரென்சா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "போதும்டீ, போதும், இறங்கு, இந்த எழவு இடத்துல இனி நிக்காதே," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

நான் குனிந்து முறிந்த முளையை எடுத்தேன். நான் செதுக்கியது. போன செப்டம்பரில் மாற்றியது. மரத்தில் புழு இல்லை, விரிசல் இல்லை, முறிவு புதியது. நல்ல ஓக். ஒரு ஆள் தள்ளுவதை அது ஆண்டுக்கணக்கில் தாங்கும்.

ஒரு ஆள் தள்ளுவதை.

"அப்பா என்னைக் கொல்லப் பாத்தாரா சித்தப்பா?" என்றாள் எல்தா. அவள் உதடுகள் வெளுத்திருந்தன.

"இல்ல."

"பின்ன?"

"நீ அங்க நிக்கிறது அவனுக்குத் தெரியல. நீயும் தள்ளின, அவனும் தள்ளினான். ஒரே மணிக்கு ரெண்டு தள்ளு. முளை எப்படித் தாங்கும்?"

அவள் அகதாவுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடத்தைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு மெதுவான குரலில், "நான் அவர் மேலயேவா நின்னுக்கிட்டிருந்தேன்?" என்றாள்.

அவளுடைய கிழிந்த ஜாக்கெட்டிலிருந்து கற்பூரத் தைலம் மணத்தது.

அன்றிரவே புதிய முளை செதுக்கினேன்.

பதினேழாம் தேதி காலை பதினோரு மணிக்குச் சதுக்கம் நிறைந்திருந்தது. பனி கொஞ்சம் விலகியிருந்தது. கீழே மாடுகளும், ரிப்பன் கட்டிய நாய்களும், கூண்டில் முயல்களும், கையில் தண்ணீர்ச் செம்போடு பாதிரியாரும். மேலே நாங்கள் நால்வர். அகதா அன்றும் நிமிர்ந்தே நின்றது. நாங்கள் அதை இறக்கவில்லை. மற்ற மூன்றையும் நிறுத்தினோம்.

"நீ ஏணிப் பக்கம் வந்து நில்லு," என்றேன் எல்தாவிடம். "அகதாவைத் தொடாதே."

"ஆளில்லாம எப்படிடா?" என்றார் ஒரியானோ.

"வழக்கமா அடிக்கிற மாதிரியே அடிங்க. நீங்க, அப்புறம் நான். அப்புறம் ஒரு மூச்சு நேரம் இடம் விடுங்க. அதுக்கப்புறம் ஃபியோரென்சா."

"இடம் விட்டு அது வரலேன்னா?"

"மூணு மணி அடிச்ச ஊருன்னு சிரிப்பாங்க. யாரும் சாக மாட்டாங்க."

ஒரியானோ சிலுவை போட்டுக்கொண்டார். ஃபியோரென்சா வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தாள். பிரார்த்தனையா வசவா என்று தெரியவில்லை.

அகதாவின் நாக்கில் தோல்வார் இன்னும் கட்டியிருந்தது. அதை அவிழ்க்க நான் கையை நீட்டினேன். நான் தொடும் முன்பே கொக்கி கழன்றது. வார் சரிந்து, பலகையில் விழாமல், பக்கத்து ஆணியில் போய் மாட்டிக்கொண்டது.

நான் கையை இழுத்துக்கொண்டு என் இடத்துக்குத் திரும்பினேன்.

ஒரியானோ வழக்கமான குரலில், "விடு!" என்றார். பெரிய மணி இறங்கியது.

நான் விட்டேன்.

இடம் விட்டோம்.

அந்த இடத்தில் யாரும் இல்லை. சுவர் தெரிந்தது. சுவரில் எல்தாவின் ஜாக்கெட் நூல் ஒன்று ஒட்டியிருந்தது.

அகதா அசைந்தது.

முளையிலிருந்து பிரிந்து, சுழன்று இறங்கி, ஒரு முறை ஒலித்து, மறுபக்கம் ஏறி, புதிய முளையில் சத்தமே இல்லாமல் சாய்ந்து நின்றது. ஃபியோரென்சாவின் சின்ன மணி சரியான நேரத்தில் அதைத் தொடர்ந்தது. மறுபடி பெரிய மணி. மறுபடி நான். மறுபடி இடம். மறுபடி அகதா.

இருபது நிமிடம் அடித்தோம். ஒரு முறைகூடத் தப்பவில்லை. கீழே சனங்கள் கைதட்டினார்கள். ஒரியானோவின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது, அவர் துடைக்கவில்லை. எனக்குள் ஏதாவது அசைகிறதா என்று நான் பார்த்தேன். அசையவில்லை. கை மட்டும் தானாகத் தள்ளிக்கொண்டிருந்தது.

முடிந்ததும் எங்கள் மூன்று மணிகளையும் இறக்கினோம். அகதா தானாக, சின்னச் சின்ன ஆட்டமாகக் குறைந்து, இறங்கித் தொங்கியது. ஒன்பது நாட்களில் எங்கள் கை படாமல் அது இறங்கியது அன்றுதான். அப்போதுதான் எனக்கு விளங்கியது. அமோஸ் எப்போதும் எங்களுக்கு முன்பே மேலே வந்துவிடுவான். தன் மணியை நிறுத்திவிட்டு, அதன் மேல் கையை வைத்துக்கொண்டு, நாங்கள் வருவதற்காகக் காத்திருப்பான். எட்டாம் தேதியிலிருந்து அவன் காத்திருந்தான். நாங்களோ தினமும் வந்து, அடிக்காமல், அவன் கையிலிருந்து மணியைப் பிடுங்கி இறக்கிவிட்டுப் போனோம்.

ஏணித்தலையில் நின்ற எல்தா திடீரென்று சுவரோரமாக ஒதுங்கினாள். படியில் எதிரே வரும் ஒருவருக்கு வழிவிடுவது போல.

மேல்படி முனகியது. அடுத்த படி முனகியது. அப்புறம் அதற்கடுத்தது.

"ஏன் ஒதுங்கின?" என்றேன்.

"தெரியல சித்தப்பா. ஒதுங்கிட்டேன்."

அது நடந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. இப்போதும் தினமும் காலையில் அகதா நிமிர்ந்துதான் நிற்கிறது. எனக்குப் பிறகு சாவியை வாங்கப்போகிறவர்களுக்காக இதை எழுதி வைக்கிறேன். அதை இறக்க முயல வேண்டாம், கட்டிப்போட வேண்டாம். பார்வையாளர்கள் வரும் நாட்களில், கதவைத் திறப்பதற்குக் கால்மணி நேரம் முன்பு மூன்று பேர் ஏறி, மற்ற மூன்று மணிகளையும் நிறுத்தி, ஒரு சுற்று அடியுங்கள். இரண்டாவது மணிக்கும் சின்ன மணிக்கும் நடுவே ஒரு மூச்சு நேரம் விடுங்கள். முளைகளை ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுங்கள். அகதாவுக்கும் சுவருக்கும் நடுவே யாரையும் நிறுத்தாதீர்கள். சுற்று முடிந்ததும் அவனே அதை இறக்கிவிடுவான். படிகளில் சத்தம் அடங்கும்வரை காத்திருந்து, அதன்பிறகு நீங்கள் இறங்குங்கள்.